பன்னிரண்டு பான்கேக்

ஈஸ்ற் ஹாம், லண்டன்
22.02.1996

அன்புள்ள மனோ அக்கா,

துவாரகாவின் பள்ளிக்கூடப் படம் கிடைத்தது. முன்பல் இரண்டும் விழுந்த வாயோடு என்ன சிரிப்பு அது! ஃபிறிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். பால் எடுக்கப் போகிற நேரமெல்லாம் உங்கள் மகள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை இங்கே பான்கேக் நாள். ஈஸ்ரருக்கு முந்திய நாற்பது நாள் நோன்பு தொடங்கமுன், வீட்டில் கிடக்கிற முட்டையையும் வெண்ணெயையும் முடித்துவிட வேண்டுமென்று அந்தக் காலத்தில் சுட்டார்களாம். இப்போது நோன்பை விட்டுவிட்டார்கள், பான்கேக்கை மட்டும் விடவில்லை. கெட்டிக்காரச் சனம். எங்கள் தோசைக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். மெல்லிசாக வார்த்து, சீனி தூவி, எலுமிச்சம்பழம் பிழிந்து, சுருட்டி, சூட்டோடு வாயில் வைக்க வேண்டும். இவர் மகேசுக்குப் பிரஷர் என்றபடியால் உப்பில்லாத வெண்ணெய்தான். நான் நின்று சுட்டுச் சுட்டுப் போட, ஆளுக்கு நாலாகப் பன்னிரண்டும் முடிந்தது.

அடுத்த நாள் கடைக்குப் போனால் வாசலில் குவித்திருந்த எலுமிச்சம்பழத்தைக் காணவில்லை. இந்த ஊரில் எதையும் அதனதன் நாளில் சாப்பிட்டுவிட வேண்டும், அக்கா. நாள் போனால் போனதுதான்.

போனில் கதைக்கலாம்தான். ஆனால் அத்தான் ஸ்பீக்கரைப் போட்டு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரையும் கேட்க வைக்கிறார். போன முறை நான் கதைத்துக்கொண்டிருக்க யாரோ ஒருவர் இருமினார். இனிமேல் கடிதம்தான்.

தங்கை
தவமணி


சிவமயம்

பார்க்டேல், ரொறன்ரோ
17.03.1996

அன்புத் தங்கை தவமணிக்கு,

உன் கடிதம் பதினொரு நாளில் வந்து சேர்ந்தது. மேலே சிவமயம் போடவில்லை. இது மூன்றாவது முறை.

பான்கேக்கைப் பற்றி எழுதியிருந்தாய். வாசித்துவிட்டு மடித்து வைத்தேன். பிறகு எடுத்து இன்னொரு தரம் வாசித்தேன். ஏனடி எனக்கு இதையெல்லாம் எழுதுகிறாய்? உனக்குத் தெரியாதா?

போன சனிக்கிழமை ஸ்காபரோவில் ஒரு ஹோலில் மிதுஷாவின் பிறந்தநாள். உன் அத்தானுடைய சிநேகிதரின் மகள், போகாமல் இருக்க முடியாது. முந்நூறு பேர் சாப்பிடுகிறார்கள், நான் வெறும் தட்டோடு இருக்கிறேன். தட்டில்லாமல் இருந்தால் பத்துப் பேர் தட்டுக் கொண்டுவருவார்கள், அதற்காக ஒன்றை மடியில் வைத்துக்கொள்வது என் வழக்கம்.

"என்ன மனோ அக்கா, மரக்கறி ரோல்ஸ்தான், ஒண்டெண்டாலும் எடுங்கோவன்," என்றாள் மிதுஷாவின் தாய்.

"அவ எடுக்கமாட்டா. அந்தக் கைப்பைக்குள்ள பார், புட்டிருக்கும்," என்றாள் செலீன். எங்கள் கட்டடத்தில் ஒன்பதாம் மாடியில் இருக்கிற வேதக்காரப் பிள்ளை, ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போகிறவள். நல்ல மனம், ஆனால் வாய்க்குக் கதவில்லை.

"ஆறு வருசமாவோ? கடவுளுக்கே அலுத்திருக்கும்," என்றாள் இன்னொருத்தி.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கழுவுகிற இடத்துக்குப் போய், கண்ணாடிக்கு முன்னால் நின்றபடி என் புட்டைச் சாப்பிட்டேன்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம், கொழும்பு வெள்ளவத்தை லொட்ஜில் இருந்து எங்கள் தம்பி ராகுலனை விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு தகவலுமில்லை. செய்தி வந்த அன்றே நான் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தேன். அவன் வந்து என் மேசையில் இருந்து சாப்பிடும்வரை, என் கையால் சமைத்ததைத் தவிர வேறெதையும் வாயில் வைக்கமாட்டேன் என்று. இவர் ஊற்றித் தருகிற தேத்தண்ணியைக்கூடக் குடிப்பதில்லை. கோயிலில் திருநீறும் தீர்த்தமும் மட்டும்.

என் கைக்கு உப்புக் குறைவு என்று உலகத்தில் ஒருவன்தான் சொல்லுவான். ருசி பார்க்க முன்னமே உப்புப் போத்தலைத் தேடுகிறவன். அந்தக் குறை கேட்காமல் ஆறு வருஷம்.

பதினாலாம் மாடியில் இருக்கிறேன். பிள்ளைகள் விழாமல் இருக்க யன்னலை நாலு விரல் அகலத்துக்கு மேல் திறக்கமுடியாதபடி பூட்டியிருக்கிறார்கள். அதற்குள்ளால் ஏரி தெரிகிறது. நயாகரா பார்க்கப் போய், கட்டிக்கொண்டுபோன சோறு பழுதானதால் பாதியில் திரும்பினோம். பிள்ளை வழி முழுக்க அழுதாள். ஒரு சாப்பாட்டுப் பெட்டி எவ்வளவு நேரம் கெடாமல் இருக்குமோ அவ்வளவு தூரம்தான் நான் போகலாம்.

இதையும் நினைத்துக்கொண்டு கடிதம் எழுது.

அக்கா
மனோரஞ்சிதம்


ஈஸ்ற் ஹாம், லண்டன்
10.06.1996

அன்புள்ள அக்கா,

நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். கோபிக்காமல் வாசியுங்கோ.

வைகாசியில் அஸ்பரகஸ் என்று ஒரு முளை வருகிறது. ஈர்க்குக் கட்டு மாதிரிக் கட்டி விற்பார்கள். ஆறு கிழமைதான், பிறகு அடுத்த வருஷம். வெண்ணெயில் பிரட்டிக் கையால் எடுத்துச் சாப்பிடவேண்டும். கத்தியும் முள்ளுக்கரண்டியும் இல்லாமல் வெள்ளைக்காரர் சாப்பாட்டில் கை வைப்பதை நான் கண்டது அதற்குத்தான்.

போன ஞாயிறு கென்ற் பக்கம் ரெயினில் போனோம். அங்கே ஸ்ரோபெறித் தோட்டத்துக்குள் நாமே இறங்கிப் பறிக்கலாம். வாசலில் ஆளுக்கொரு கூடை தருவார்கள். மூன்று கூடையும் நிரம்பிவிட்டது. வெளியே வரும்போது கூடையை மட்டும் நிறுக்கிறார்கள், பறிக்கிறபோது வயிற்றுக்குள் போனதை ஒருவரும் கேட்பதில்லை. எல்லாருக்கும் வாய் சிவப்பு, அந்தத் தோட்டக்காரனும் பார்த்துவிட்டுப் பேசாமல் நிற்கிறான். வெயில், ஈர வைக்கோல் மணம், பழத்தின் சூடு. வெயிலில் நிற்கிற பழம் உள்ளே சூடாக இருக்குமென்று எனக்கு அன்றுதான் தெரியும்.

மத்தியானம் ஒரு பப்பில் சாப்பாடு. பப் என்றால் குடிக்கிற இடம் என்று பயப்படாதேயுங்கோ, ஞாயிறு பகல் குழந்தை குஞ்சுகளோடு குடும்பம் குடும்பமாக வந்து சாப்பிடுகிறார்கள். முன்கூட்டியே போன் பண்ணி மேசை பிடிக்க வேண்டும். எடுத்தவுடன் கேட்கிற முதல் கேள்வி, எத்தனை பேர்? எங்கள் ஆட்களிடம் சாப்பிட வருகிறவரை எண்ணுவது மரியாதைக் குறைவு. இங்கே எண்ணிச் சொல்லாவிட்டால் கதிரை கிடையாது. எனக்கு அது பிடித்திருக்கிறது, அக்கா. எண்ணிச் சொல்லுவது.

ஒரு கோழி, ஒரு மீன், மாவுக்குள் வைத்துச் சுட்ட காளான் பை ஒன்று. மேலே குழம்பு மாதிரி மண்ணிறத்தில் ஒன்றை ஊற்றுகிறார்கள். சாப்பிட்டு முடியத் தட்டெடுக்க வந்த பிள்ளை மூன்று தரம் மன்னிப்புக் கேட்டாள், என்ன பிழை செய்தாள் என்று கடைசிவரை தெரியவில்லை.

தங்கை
தவமணி


சிவமயம்

பார்க்டேல், ரொறன்ரோ
14.07.1996

தவமணிக்கு,

உன் ஸ்ரோபெறிக் கடிதத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து வாசித்தேன். பித்தப்பையில் கல். மூன்று நாள் வைத்திருந்தார்கள். முதல் நாள் இரவு உடம்பில் ஊசி குழாய் எல்லாம் இருந்ததால் பரவாயில்லை. மறுநாள் காலை தட்டு வந்தது. சிவப்பாக ஆடுகிற ஜெல்லி, சூப், பிஸ்கற். நான் தொடவில்லை. மத்தியானமும் வந்தது. தொடவில்லை. நான் சமைத்து உறைய வைத்திருந்த சோற்றை இவர் சூடாக்கிக் கொண்டுவரப் பின்னேரம் ஆகிவிட்டது.

அதற்குள் நேர்ஸ் போய் யாரையோ கூட்டிக்கொண்டு வந்தாள். கழுத்தில் மணிமாலை போட்ட, மெல்லக் கதைக்கிற ஒரு பெண். நான் சாக நினைக்கிறேனா என்று கேட்க வந்தவள். அந்தக் கேள்வியை எனக்குத் தமிழில் சொன்னது யார் தெரியுமா? துவாரகா. ஏழு வயதுப் பிள்ளை.

"அம்மா, நீங்கள் சாக விருப்பமோ எண்டு கேக்கினம். நோ எண்டு சொல்லட்டே?"

சொல்லு என்றேன். பிறகு அவளாகவே இங்கிலிஷில் ஏதோ நீளமாகச் சொன்னாள். அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். என்ன சொன்னாய் என்று கேட்டேன். "மாமா வருமட்டும் அம்மா வெயிற் பண்ணுறா எண்டு சொன்னனான்."

நீ கூடைகூடையாகப் பழம் தின்றதை நான் வாசித்த அதே கிழமை.

நீ சாப்பிடு, நன்றாயிரு. உனக்கும் அவன் தம்பிதான், உன் மனம் உனக்கு. ஆனால் இனிமேல் எனக்குச் சாப்பாட்டைப் பற்றி எழுதாதே. அதைத் தவிர எழுத ஒன்றுமில்லை என்றால் எழுதவே வேண்டாம்.

மனோரஞ்சிதம்


ஈஸ்ற் ஹாம், லண்டன்
03.09.1996

அன்புள்ள அக்கா,

ஏழு கிழமை எழுதாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை. உங்களுக்கு ஆஸ்பத்திரியில் நடந்ததை வாசித்து நான் அழுதது எனக்கும் மகேசுக்கும் தெரியும். ஆனாலும் சாப்பாட்டைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கிழித்தெறிய முன் முழுவதையும் வாசியுங்கோ.

ஒரு ஞாயிறு சவுத்எண்ட் கடற்கரைக்குப் போனோம். மறுநாள், ஓகஸ்ற் கடைசித் திங்கள், இங்கே லீவு. அதற்குப் பிறகு கோடை முடிந்தது என்று இந்தச் சனம் பேசி வைத்துக்கொண்டிருக்கிறது. மழை தூறிக்கொண்டிருந்தது. மழையிலும் கடலைப் பார்த்தபடி வாங்கில் வரிசையாக இருந்து, குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, மீனும் உருளைக்கிழங்கும் சாப்பிடுகிறார்கள். ஒருவர் முகத்திலும் வருத்தமில்லை. கிடைத்த நாளை விடக்கூடாது என்ற வைராக்கியம்.

நாங்களும் மூன்று பொதி வாங்கி அப்படியே இருந்தோம். மாவில் தோய்த்துப் பொரித்த மீன் கடதாசிக்குள் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. எனக்கு வினாகிரி விருப்பம். மகேஸ் எலுமிச்சம்பழத்தோடு நிறுத்திக்கொண்டார். ஒரு பொதிக்கு மட்டும், ருசி பார்க்க முன்னமே, கடைக்காரனின் உப்புப் போத்தலில் பாதி போய்விட்டது. கடைக்காரனே பார்த்துவிட்டு, "கடல் அங்கே இருக்கிறது ஐயா, அதிலே தோய்த்துச் சாப்பிடலாமே," என்று பகிடி விட்டான்.

ரெயில் பாதையோரத்தில் கறுப்பு பெறி பழுத்துக் கிடக்கிறது. அடுத்த கிழமைக்குள் பறிக்காவிட்டால் பழுதாகிவிடும்.

அக்கா, நீங்கள் எதையும் கணக்காகப் பார்க்கிறவர். எந்தத் தேதியில் என்ன விரதம், எந்த நேர்த்தி எப்போது முடிந்தது என்று கொப்பியில் எழுதி வைத்திருக்கிறவர். என் கடிதங்களையும் ஒரு நாள் அந்தக் கண்ணோடு பாருங்கோ. வேறொன்றும் கேட்கவில்லை.

தவமணி


சிவமயம்

பார்க்டேல், ரொறன்ரோ
06.10.1996

அன்புத் தங்கை தவமணிக்கு,

இவர் வேலைக்குப் போனபின், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து, உன் கடிதங்களைத் தேதிப்படி மேசையில் அடுக்கினேன். என் கொப்பியையும் பென்சிலையும் எடுத்தேன்.

மாசி: பான்கேக் பன்னிரண்டு, ஆளுக்கு நாலு. ஆனி: ஆளுக்கொரு கூடை, கூடை மூன்று. அதே நாள்: கோழி ஒன்று, மீன் ஒன்று, காளான் பை ஒன்று. ஆவணி: மீன் பொதி மூன்று.

உன் வீட்டில் நீயும் மகேசும் இரண்டு பேர். உங்களுக்குப் பிள்ளை இல்லை. பிறகு ஆவணிக் கடிதத்தை இன்னொரு தரம் வாசித்தேன். மகேசுக்குப் பிரஷர். நீ வினாகிரி போட்டாய், அவர் எலுமிச்சம்பழம் பிழிந்தார். அப்படியென்றால் அந்த உப்பு யாருக்கு?

பென்சிலை வைத்துவிட்டு எழும்பிப் போய்ப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் நின்றேன். தேவாரம் ஒன்றும் வாயில் வரவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பள்ளிக்கூடம் விட்டும் நான் போகாததால் செலீன்தான் துவாரகாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

தவம், அந்த மூன்றாவது ஆள் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது. நீ அறையொன்றை யாருக்காவது வாடகைக்கு விட்டிருக்கிறாய் என்றால் அதை ஒரு வரியில் எழுதிவிடு. நான் கொப்பியை மூடிவிடுகிறேன். அப்படி இல்லையென்றால் உனக்கு எழுதக்கூடியதை எழுது.

சாப்பாட்டைப் பற்றி எழுதாதே என்று ஆடியில் சொன்னதை மறந்துவிடு.

அக்கா


சிவமயம்

ஈஸ்ற் ஹாம், லண்டன்
21.10.1996

என் அன்புள்ள அக்கா,

மேலே போட்டிருக்கிறேன், பாருங்கோ.

அறை வாடகைக்கு விடவில்லை.

உங்களுக்கு ஒரு கதை எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த ஒருத்தி இருக்கிறாள். போன மார்கழியில் அவளுடைய வீட்டுக் கதவை ஒருவர் தட்டினார். திறந்தவளுக்கு முதலில் ஆளைத் தெரியவில்லை, அவ்வளவு மெலிவு. தெரிந்தபோது அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி ஓடிவந்துவிட்டாள்.

அவர் இந்த நாட்டுக்குள் வந்தது வேறொருவருடைய பெயரில். அந்தப் பெயரில்தான் அகதி கேஸ் நடக்கிறது. பழைய பெயர் எங்காவது கதையில் அடிபட்டு வெளியே போனால் கேஸ் முடிந்தது, திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நடுங்குகிறார். மூன்றாம் நாள் அவளைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் வாங்கினார். தான் இருப்பதை எவருக்கும் வாயால் சொல்லக்கூடாது, பெயரை எழுதக்கூடாது. கூடப்பிறந்தவர்களுக்கும்தான்.

அவள் கெஞ்சினாள். "அக்கா அங்க சாப்பிடாமல் கிடக்கிறா, அவவுக்கு மட்டும் சொல்லுவம்," என்றாள்.

"அக்காவுக்குச் சொன்னால் அத்தானுக்கும் சொல்லுவா. அத்தான் தங்கமான மனுசன்தான். ஆனா அத்தானுக்குத் தெரிஞ்சால், ரொறன்ரோவில ரேடியோவில சொன்ன மாதிரி."

அது உண்மை. அவள் கற்பூரத்தில் கையை அடித்தாள்.

அவர் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் கோப்பை கழுவுகிறார். மாதத்தில் ஒரு ஞாயிறு லீவு. அந்த ஞாயிறு வெளியே போய்ச் சாப்பிட வேண்டும் என்று பிடிவாதம். அந்த மாதத்தில் எது வருகிறதோ அதைத்தான் சாப்பிடவேண்டும். கேஸ் கடிதம் எந்த நாளும் வரலாம், அடுத்த வருஷம் இந்தப் பழம் பழுக்கும்போது தான் எங்கே இருப்பேனோ என்கிறார். தட்டு வந்தபின் கொஞ்ச நேரம் தொடாமல் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு, "ஒராள் எனக்காகச் சாப்பிடாமல் இருக்கிறா. அவவின்ர பங்கையும் நான்தான் சாப்பிடவேணும்," என்று சொல்லிவிட்டுத் தொடங்குவார்.

அவள் சத்தியத்தை மீறமாட்டாள், அக்கா. நீங்கள் அவளிடம் ஒன்றும் கேட்கவேண்டாம். ஆனால் என்ன சாப்பிட்டோம் என்று எழுதக்கூடாதென்று யாரும் அவளிடம் சத்தியம் வாங்கவில்லை.

போன கிழமை ஸ்ரேசன் வாசலில் செஸ்நட் சுட்டு விற்கிறவன் வந்துவிட்டான். பலாக்கொட்டை சுட்ட மணம். மூன்று சுருள் வாங்கினோம்.

தவமணி


சிவமயம்

பார்க்டேல், ரொறன்ரோ
24.11.1996

அன்புத் தங்கைக்கு,

உன் கதையை வாசித்தேன். நல்ல கதை. வாசித்தபின் மடித்துப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்தேன். இவரிடம் சொல்லவில்லை. பதினேழு வருஷத்தில் இவரிடம் ஒளித்த முதல் விஷயம் இது. மேசையில் எனக்கு முன்னால் இருந்து இவர் சாப்பிடும்போது நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கந்தசஷ்டி ஆறு நாளும் பாலும் பழமும்தான் என்பதால் என் முகம் வாடியிருப்பதற்கு ஒரு காரணம் இருந்தது.

விரதம் முடித்த மறுநாள் பழைய கொப்பியைத் தேடி எடுத்தேன். தொண்ணூறாம் ஆண்டு நான் எழுதி வைத்தது இது: "தம்பி என் கையால் சமைத்ததில் ஒரு வாய் சாப்பிடும்வரை பிறர் சமைத்ததை உண்ணேன்." அவ்வளவுதான். வந்து, என் மேசையில் இருந்து, என்றெல்லாம் அதில் இல்லை. அதெல்லாம் நானே பிறகு மனத்துக்குள் சேர்த்துக்கொண்டது. ஆறு வருஷமாக நான் எழுதாத ஒன்றைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அன்று பின்னேரமே உழுந்து ஊறப்போட்டேன். தட்டை வடை முப்பத்தாறு. ஒரு மாதம் வைத்தாலும் பழுதாகாது. மூன்று பொதியாகக் கட்டி அனுப்பியிருக்கிறேன். ஒன்றில் உன் பெயர், ஒன்றில் மகேசின் பெயர். மூன்றாவதில் ஒன்றும் எழுதவில்லை. எவருக்கென்றாலும் கொடு.

அக்கா

உப்பு எப்போதும் போடுகிற அளவுதான் போட்டேன். கூட்டவில்லை.


சிவமயம்

ஈஸ்ற் ஹாம், லண்டன்
15.12.1996

அன்புள்ள அக்கா,

பெட்டி வெள்ளிக்கிழமை வந்தது. ஞாயிறு வரும்வரை திறக்கவில்லை.

வெளியே போகத்தான் இருந்தோம். நத்தார் மாதம் கிறிஸ்மஸ் விருந்துக்காரரால் சாப்பாட்டுக் கடையெல்லாம் நிரம்பிவிடும், ஒரு மாதத்துக்கு முன்பே மேசை பிடித்து வைத்திருந்தோம், மூன்று பேருக்கு. போகவில்லை. போன் பண்ணி வேண்டாமென்று சொன்னேன், அந்தப் பிள்ளை மன்னிப்புக் கேட்டாள். மின்ஸ் பை மட்டும் வாங்கி வந்தோம். உலர்ந்த பழம்தான் உள்ளே, ஆனால் மாட்டுக் கொழுப்புச் சேர்ப்பார்களாம், அட்டையில் மரக்கறி என்று வாசித்துப் பார்த்துத்தான் வாங்கினேன்.

மூன்று தட்டு வைத்தேன். மூன்று பொதியையும் அவிழ்த்தேன். பெயரில்லாத பொதிக்குரியவர் ஒரு வடையை எடுத்து மணந்து பார்த்தார். ஒரு கடி கடித்தார். மென்று விழுங்கினார். பிறகு எழும்பிக் குசினிக்குப் போனார்.

திரும்பி வரும்போது கையில் உப்புப் போத்தல் இருந்தது.

தவமணி


சிவமயம்

பார்க்டேல், ரொறன்ரோ
19.01.1997

என் அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் நத்தாருக்கு முதல் நாள் கிடைத்தது. உடனே ஒன்றும் செய்யவில்லை. தைப்பொங்கல் வரட்டும் என்று காத்திருந்தேன். பொங்கி, படைத்து, "நேர்த்தி முடிந்தது" என்று கொப்பியில் தேதி போட்டு எழுதினேன். மறுநாள் துவாரகாவைக் கையில் பிடித்துக்கொண்டு குயீன் வீதியில் இருக்கிற டோனட் கடைக்குப் போனேன்.

கண்ணாடிக்குள் வரிசையாக அடுக்கியிருந்தது. கையால் காட்டினேன். ஆப்பிள் போட்ட ஒன்றும் ஒரு தேத்தண்ணியும். இரண்டு பேரும் யன்னலோரம் இருந்தோம்.

"அம்மா, ஆர் யூ ஷுவர்?" என்றாள் பிள்ளை.

ஓம் என்றேன். கடித்தேன். உன் கடிதங்களை நினைத்துக்கொண்டு கடித்தேன். கடுமையான இனிப்பு. வேறொருவர் போட்ட தேத்தண்ணி ஆறரை வருஷத்துக்குப் பிறகு தொண்டையால் இறங்கியது. கண்ணால் தண்ணி வந்துவிட்டது. துடைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துச் செலீன் உள்ளே வந்தாள். என் கையில் டோனட்டைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். அப்படியே வந்து கட்டிப்பிடித்தாள்.

"ஐயோ மனோ அக்கா! எப்ப தகவல் வந்தது?"

என்ன சொல்ல? தகவல் ஒன்றுமில்லை என்றேன்.

"விளங்குது அக்கா. தகவல் வராதெண்டு நீங்களே முடிவெடுத்திட்டியள். அழுங்கோ, அழுதால்தான் ஆறும்."

நான் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு மிச்சத்தைக் கடதாசியில் சுற்றினேன்.

பின்னேரம் ஆறு மணிக்குள் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. முதலில் செலீன் சோறும் பருப்பும் கொண்டு வந்தாள். பிறகு மிதுஷாவின் தாய் ஸ்காபரோவிலிருந்து கத்தரிக்காய்க் கறியும் இடியப்பமும். உனக்குத் தெரியும்தானே, எந்த வீட்டுக்குச் சனம் சமைத்துக்கொண்டு வரும் என்று. அடுப்பு எரியக்கூடாத வீட்டுக்கு. எல்லாரும் மெல்லிய குரலில் கதைத்தார்கள். சோபாவில் இருந்தவர்கள் கீழே இறங்கி நிலத்தில் இருந்தார்கள்.

உன் அத்தான் வேலையால் வந்தார், கையில் ஒரு மாலை. அவருக்கு வழியிலேயே யாரோ சொல்லியிருக்கிறார்கள். சப்பாத்தையும் கழற்றாமல் என் பக்கத்தில் வந்து இருந்தார். "நீயாவே ஒரு முடிவுக்கு வந்திட்டாய் எண்டால் நாங்கள் செய்யவேண்டியதைச் செய்வம், மனோ," என்றார். "அவன்ர படத்தைத் தா. மாலை போட்டு ஒரு விளக்கு வைப்பம்." அவர் அழுவதை நான் இதற்கு முதல் பார்த்ததில்லை.

சொல்லியிருக்கலாம். ஒரு சொல். அவருடைய காதுக்குள் மட்டும். ஆனால் வீட்டுக்குள் பதினொரு பேர் இருந்தார்கள், அவர் சந்தோஷத்தை மறைக்கத் தெரியாத மனிதர். உன் கதையில் வந்தவர் சொன்னது சரி.

"ஒரு வாய் சாப்பிடுங்கோ அக்கா," என்று செலீன் தட்டைப் போட்டுத் தந்தாள். அவள் கையால் பிசைந்த சோறு. இனிமேல் நான் யார் கையாலும் சாப்பிடலாம், எனக்குத் தடையில்லை. ஆனால் அந்தச் சோற்றைச் சாப்பிட்டால் எங்கள் வீட்டில் ஒருவர் செத்துப்போனதை நான் ஒத்துக்கொண்டதாகும். நேர்த்தி முடிந்து இரண்டாம் நாள், தட்டு முன்னால் இருக்க, மறுபடியும் நான் சாப்பிட முடியாமல் இருந்தேன்.

எழும்பினேன். இவருடைய கையிலிருந்து மாலையை வாங்கிப் பிள்ளையார் படத்துக்குப் போட்டேன். குசினிக்குப் போய் அடுப்பைப் போட்டேன். அரிசி களைந்து வைத்தேன். வெங்காயம் வெட்டினேன். வந்தவர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள்.

"பாவம், மனுசிக்குத் தலை சுகமில்லை," என்று மெல்லச் சொன்னாள் மிதுஷாவின் தாய்.

"எங்கட வீட்டில அடுப்பெரியும்," என்றேன். "எல்லாரும் இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ."

ஒருவரும் இருக்கவில்லை. எல்லாரும் போனபின் நாங்கள் மூன்று பேரும் மேசையில் இருந்தோம். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டு வெகுநேரம் என்னையே பார்த்தார். அன்றிலிருந்து போன் வந்தால் ஸ்பீக்கரைப் போடுவதில்லை. என்ன நினைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது, நானும் கேட்கவில்லை.

வழியில் என்னைக் காண்கிறவர்கள் இப்போது கையைப் பிடித்து ஆறுதல் சொல்கிறார்கள். நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்கிறேன். மாடி அதே மாடி, யன்னல் அதே நாலு விரல். எவ்வளவு காலத்துக்கு என்று அந்தக் கேஸ் முடியும்வரை எவருக்கும் தெரியாது.

இன்னொரு பெட்டி அனுப்புகிறேன். பயற்றம் பணியாரமும் வடையும். மூன்றாவது பொதிக்குள் சின்னக் கடதாசிச் சுருளில் கொஞ்ச உப்பு வைத்திருக்கிறேன். இனிக் குசினிக்கு எழும்பிப் போக வேண்டாம் என்று சொல்லு.

இந்த வருஷம் பான்கேக் நாள் பெப்ரவரி பதினொன்று என்று கலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். அன்றைக்கு எத்தனை சுட்டாய் என்று மறக்காமல் எனக்கு எழுது. பன்னிரண்டுக்குக் குறையக்கூடாது.

அக்கா
மனோரஞ்சிதம்